மட்கிய கட்டையில் இருக்கும் கடுகளவு கிண்ணப் பூஞ்சைக்கு நுண்ணோக்கி வைத்துப் பெயர் கண்டுபிடிப்பது எப்படி?

"தெளிவான படம் எடுத்தால் போதாதா, நுண்ணோக்கி வாங்கித்தான் ஆக வேண்டுமா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். வாங்கித்தான் ஆக வேண்டும். ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் வெள்ளையாகவோ சாம்பல் நிறத்திலோ மரத்தில் ஒட்டியிருக்கும் கிண்ணங்களில் பல இனங்கள் வெளித்தோற்றத்தில் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும்.

நான் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் வசிக்கிறேன். ஓக் காடுகளுக்குக் குறைவில்லை. தொடக்கத்தில் எனக்குக் கிடைத்தது அரை மில்லிமீட்டர் அகலமுள்ள ஆரஞ்சு நிறத் துளி ஒன்று, ஆர்பிலியா பேரினம். எடுத்த எடுப்பில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்து, காங்கோ சிவப்புச் சாயம் ஏற்றி, அழகாகப் படம் வரைந்து, அனுபவமுள்ள பெரியவர் ஒருவருக்கு அனுப்பினேன். ஒரே வரியில் பதில் வந்தது: "பிணத்தைக் காட்டி ஆளின் குணத்தைச் சொல்லச் சொல்கிறீர்களே!"

கேலி புரிய இரண்டு நாள் ஆயிற்று. ஆர்பிலியாவின் உயிருள்ள வித்துக்குள் (பூஞ்சை பரவ உதவும் ஸ்போர்) மிகச் சிறிய உருவம் ஒன்று தொங்கும். அது துளி வடிவமா, உருண்டையா, இழை போன்றதா என்பதை வைத்தே இனங்களைப் பிரிக்கிறார்கள். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம் பட்டதும் செல் செத்துவிடும். அந்த உருவமும் மறைந்துவிடும். ஜெர்மன் ஆய்வாளர் ஹான்ஸ்-ஓட்டோ பாரல் 1992இல் இதைத்தான் வலியுறுத்தி எழுதினார்: உலர்ந்த மாதிரியை மட்டும் நம்பாமல், உயிருள்ள செல்லை முதலில் பாருங்கள்.

ஆகவே முதலில் வெறும் குழாய்த் தண்ணீர். கிண்ணத்தில் பாதியைச் சவர பிளேடால் அறுத்து, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு நீரில் வைத்து, மேலே மூடு கண்ணாடியைப் போட்டுப் பென்சிலின் ரப்பர் முனையால் மெல்லத் தட்டுங்கள். 400 மடங்கில் தொடங்கி, எண்ணெய்ச் சொட்டு விட்டுப் பார்க்கும் லென்ஸில் 1000 மடங்குக்குப் போங்கள். வித்துகள் உருவாகும் நீண்ட பைகள் நெருக்கியடித்து நிற்கும். பெரும்பாலும் பைக்கு 8 வித்துகள். இடையிடையே மெல்லிய மலட்டு இழைகள் தெரியும். அவற்றை அலட்சியப்படுத்தாதீர்கள். இழையின் முனை ஈட்டி போலக் கூர்ந்து பைகளுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்து, கிண்ணத்தின் வெளிப்புறமும் வெள்ளை மயிர்களால் மூடியிருந்தால், பெரும்பாலும் லாக்னம் பேரினம். பையின் நுனி பானை மூடிபோலத் திறந்தால் பெசிசேல்ஸ் என்னும் பூஞ்சை வரிசை. மரத்தில் வளரும் குட்டிக் கிண்ணங்களில் பெரும்பாலானவற்றுக்கு மூடி இல்லை.

வித்துகளை அளக்கும்போது வெளியே சிதறியவற்றை மட்டும் அளந்துகொள்ளுங்கள். பைக்குள் இருப்பது முதிராததாக இருக்கலாம். 20 வித்துகளாவது வேண்டும். கேமரா மென்பொருள் காட்டும் எண்ணை நம்பி ஒரு குளிர்காலத்தையே வீணடித்தவன் நான்; 10 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடைவெளியில் கோடுகள் பொறித்த அளவுத் தகட்டை வைத்து ஒவ்வொரு லென்ஸையும் சரிபார்த்துவிடுங்கள்.

அதற்குப் பிறகுதான் அயோடின். மூடு கண்ணாடியின் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டு, எதிர்ப்பக்கத்தில் உறிஞ்சுதாளை வைத்து இழுத்தால் போதும். பைநுனியில் நீல வளையம் தெரிகிறதா என்று பாருங்கள். பழைய நூல்கள் மெல்சர் கரைசலைச் சொல்லும். நான் லூகோல் கரைசலையே எடுப்பேன்; இரண்டும் அயோடின் கரைசல்கள்தான். சில இனங்களின் வளையம் லூகோலில் சிவக்கும், மெல்சரிலோ ஒன்றுமே இல்லாததுபோல் ஏமாற்றும். காரம் கடைசியில்.

கண்ணால் பார்த்தே பேரினம்வரை சொல்லக்கூடியவையும் உண்டு. நீலப்பச்சை நிறம் ஊறிய கட்டையில் அதே நிறக் கிண்ணங்கள் இருந்தால் குளோரோசிபோரியா பேரினம். எங்கள் பக்கத்து டன்பிரிட்ஜ் வெல்ஸ் ஊர்க் கைவினைஞர்கள் 19ஆம் நூற்றாண்டில் இந்தப் பச்சை ஓக்கைச் சீவி மரப்பெட்டிகளில் சித்திரமாகப் பதித்தார்கள். ஆனால் அதிலும் ஏருஜினாசென்ஸ் இனமா, ஏருஜினோசா இனமா என்று கேட்டால் நுண்ணோக்கியிடமே திரும்ப வேண்டும்: முன்னதன் வித்து சுமார் 6–10 மைக்ரான் நீளம், பின்னது 9–14. 9க்கும் 10க்கும் நடுவே மாட்டிக்கொண்டால் இன்னொரு கிண்ணத்தைத் தேடுங்கள்.

மாதிரியைப் பிளாஸ்டிக் பையில் போடாதீர்கள், பூசணம் பிடிக்கும். காகித உறை போதும். உறையில் தேதியையும் மரத்தின் பெயரையும் எழுதுங்கள். மரம் தெரிந்தால் பாதி வேலை குறையும். நீங்கள் இந்தியாவில் தேடுகிறீர்கள் என்றால், ஐரோப்பிய நூல்களின் பெயரை அப்படியே ஒட்டிவிடாமல் பேரினத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

சாம்பல் நிறக் கிண்ணம் என்றால் மொல்லிசியா பேரினமாக இருக்கலாம். சிலவற்றின் இழைகள் காரத்தில் மஞ்சளாகும், அது ஒரு துப்பு. அதற்கு மேல் என்னிடம் கேட்காதீர்கள். என் அலமாரியில் "மொல்லிசியா, ஏதோ ஒன்று" என்று எழுதிய உறைகள் பதினொன்று இருக்கின்றன.