லாகர் ஏரியும் அம்மாவின் முழங்காலும்

வணக்கம் அக்கா. கிளிநொச்சியிலிருந்து அம்மாவோடு ஜேர்மனியில் தம்பி வீட்டுக்குப் போகும்போது லாகர் எரிமலை ஏரியைச் சுற்றி நடக்கலாமா, முழங்கால் நோவுக்கு பாட் நொயனாரில் சுடுநீரில் குளிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

முழுச் சுற்று ஏறத்தாழ 8 கிலோமீற்றர். அம்மாவுக்கு அது வேண்டாம். மரியா லாக் மடாலயத்தடியில் காரை விட்டு, ஏலுமான அளவு கரையோரம் நடந்து திரும்புங்கள். 1093இல் தொடங்கிய மடம். உள்ளே போய்க் கொஞ்சநேரம் இருந்துவிட்டு வாருங்கள்.

கிழக்குக் கரைக்கு நீங்களும் தம்பியும் கட்டாயம் போங்கள். தண்ணீர் உலை கொதிப்பதுபோலக் குமிழி விடும், தொட்டால் குளிரும். ஏறத்தாழ 13,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்த எரிமலையிலிருந்து இன்னும் வரும் காபனீரொட்சைட்டு அது. காற்றைவிடக் கனமென்பதால் பள்ளங்களில் தேங்கும். பிள்ளைகளை அங்கே குந்தி விளையாட விடாதீர்கள்.

பாட் நொயனார் 2021 ஜூலை வெள்ளத்தில் மோசமாக அடிபட்ட ஊர். எந்தக் குளியலிடம் திறந்திருக்கிறது என்று தம்பியை முதலில் போன் எடுத்துக் கேட்கச் சொல்லுங்கள். அம்மாவுக்குப் பிரஷர் இருந்தால் டொக்டரிடமும் கேளுங்கள். அப்புறம், திருகோணமலைக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளில்போல வாளியால் அள்ளி ஊற்றும் குளிப்பல்ல இது. நீச்சலுடையோடு தொட்டிக்குள் இறங்க வேண்டும், சேலையோடு விடமாட்டார்கள். இதை அம்மாவிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.