வாசகர் கேள்வி – பதில்: கோடைக்கு முன் வீட்டுத்தோட்டத்தை என்ன செய்வது?

கேள்வி: கார்த்திகையில் நட்ட கத்தரி, மிளகாய், வெண்டி, பயற்றை எல்லாம் இந்தப் பங்குனியோடு காய்ப்பைக் குறைத்துவிட்டன. வைகாசிக்குப் பிறகு எங்கள் கிணற்றுத் தண்ணீர் குடிக்கவும் குளிக்கவும் மட்டுமே போதும். ஆகவே எல்லாவற்றையும் பிடுங்கி எரித்து, நிலத்தைக் கொத்திக் காயவிட்டு, ஐப்பசி மழையோடு புதிதாகத் தொடங்கலாம் என்று கணவர் சொல்கிறார். அது சரியா? – வாசகி ஒருவர், ஒட்டுசுட்டான்

பதில்: உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. நோய்ப்பட்ட செடிகளைப் பாத்தியில் நிற்கவிடக் கூடாது என்பது சரி. எல்லாவற்றையும் எரித்துவிட்டு, ஏழு மாதங்களுக்கு மண்ணை வெறுமையாகக் கிடத்துவது சரியல்ல.

வன்னியின் பெரும்பகுதியில் உள்ள செங்கபில மண், ஈரமானால் ஒட்டும். காய்ந்தால் மண்வெட்டி இறங்காத அளவுக்கு இறுகும். அதைக் கொத்தித் திறந்து போட்டால், வெயில் அதிலுள்ள உக்கலைத் தின்றுவிடும். வைகாசிக்குப் பின் வீசும் சோளகக் காற்று மேல்மண்ணை அள்ளிக்கொண்டு போகும். அதன் பின் ஐப்பசியில் விழும் முதல் பெருமழை வெறும் நிலத்தில் மோதி, மேற்பரப்பைப் பொருக்காக்கி, உள்ளே இறங்காமல் வாய்க்காலுக்கு ஓடும். எரிப்பதிலும் இலாபம் குறைவு. சாம்பலில் பொட்டாசியமும் சுண்ணாம்பும் மிஞ்சுமே தவிர, தழைச்சத்து புகையோடு போய்விடும்.

இனிப் பயிர் பயிராகப் பார்ப்போம். பயற்றையைப் பிடுங்காமல் நிலமட்டத்தில் வெட்டுங்கள். வேரிலுள்ள முடிச்சுகள் மண்ணிலேயே உக்கட்டும். வெண்டியின் இலை நரம்புகள் மஞ்சளாகியிருந்தால், அந்த நச்சுயிரியைப் பரப்பும் வெள்ளை ஈ பக்கத்துப் பயிருக்கும் தாவும் என்பதால், அதை முதலில் அகற்ற வேண்டும். மிளகாயில் இலை சுருண்ட செடிகளை அகற்றிவிட்டு, நல்லதாக இரண்டு மூன்றை மட்டும் குசினித் தண்ணீர் ஓடும் பக்கத்தில் காப்பாற்றுங்கள்.

கத்தரியைப் பற்றி மட்டும் அவசரப்பட வேண்டாம். நோயில்லாத செடியை நிலத்திலிருந்து ஏறத்தாழ ஓரடி உயரத்தில் வெட்டி, அடியில் ஒரு கூடை உக்கிய மாட்டெரு இட்டு, கழுவிய தண்ணீரை ஊற்றி வந்தால், அது மறுபடி துளிர்த்துக் காய்க்கும். வெட்டிய கிளைகளில் தண்டு துளைப்பான் புழு இருக்கக்கூடும். ஆகவே அவற்றைப் பாத்தியோரம் குவிக்காமல் அன்றே எரித்துவிடுங்கள். நான் எரிக்கச் சொல்லும் இடம் இது ஒன்றுதான். நோய்ச் செடிகளும் இதில் சேரும். வீட்டுக் கூட்டெருக் குவியல் பெரும்பாலும் நோய்க்கிருமி சாகும் அளவுக்குச் சூடேறுவதில்லை.

கொத்துவதற்கும் ஓர் இடம் உண்டு. பாகல், புடோல், பூசணிக் கொடிகளின் காய்களைத் துளைக்கும் பழ ஈ, அந்தக் கொடியின் கீழுள்ள மண்ணில் கூட்டுப்புழுவாகும். அந்த இடத்தை மட்டும் மேலாகக் கிளறிவிட்டால், கோழிகள் மீதி வேலையைச் செய்யும்.

மற்றப் பாத்திகளுக்கு மூடுதல்தான் வேண்டும். வேலியில் நிற்கும் சீமைக்கிளுவையின், அதாவது கிளிசரியாவின், குழையை வெட்டிப் பரப்பி, மேலே மெல்லிய வைக்கோல் போடுங்கள். தடிப்பாகப் போட்டால் கறையான் வரும்; ஒரு முறை நான் அரை அடிக்கு வைக்கோல் பரப்பி, கறையானுக்குக் கலியாண விருந்து வைத்திருக்கிறேன். அறுவடை முடிந்தபின் கட்டாக்காலி மாடுகள் வைக்கோல் மணத்துக்கு உள்ளே வந்துவிடும் என்பதால், வேலியை இப்போதே திருத்தி, மூடிய பாத்திகளின் மேல் முட்கிளை சிலவற்றைப் போட்டுவிடுங்கள். சித்திரையில் ஒன்றிரண்டு மழை கிடைத்தால், அந்த ஈரத்தில் குழையை விலக்கிச் சணல் அல்லது கௌபி விதைக்கலாம். சணலைப் பூக்கும் தறுவாயில் வெட்டி அங்கேயே புதைத்தால் அடுத்த போகத்துக்கு அதுவே பசளை.

கேள்வி: என் தக்காளியும் கத்தரியும் பச்சை இலையோடேயே திடீரென வாடிச் செத்துவிட்டன. அந்தப் பாத்தியில் அடுத்த முறை நடலாமா? – வாசகர், பரந்தன்

பதில்: வாடிய செடி ஒன்றின் தண்டை அடியில் வெட்டி, வெட்டுமுகம் நீரில் முட்டும்படி ஒரு கண்ணாடிக் குவளையில் நிறுத்திச் சில நிமிடம் பாருங்கள். பால்நிற நூல் போலக் கசிந்திறங்கினால் அது பக்டீரியா வாடல். அப்படியானால் கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம் என்பதால், இவற்றில் எதையும் அந்த இடத்தில் சில ஆண்டுகளுக்கு நடாமல், சோளம், பயறு, வெங்காயம் என்று மாற்றிவிடுங்கள். கசிவு இல்லாமல் வேரில் முடிச்சு முடிச்சாகத் தடித்திருந்தால் வட்டப்புழு. அது கோடையில் கட்டுப்படும்.

அதற்கு வழி வெயில்தான். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிச் சூரியன் வன்னிக்கு நேர் உச்சியில் வரும். அந்நாட்களில் பாத்தியைக் கொத்தி, கட்டி உடைத்து, ஆழமாக நனைத்து, மெல்லிய நிறமற்ற பொலித்தீனைப் பரப்பி, ஓரங்களை மண்ணில் புதைத்து, 4 முதல் 6 கிழமை வரை விட்டுவிடுங்கள். வெப்பம் மண்ணுக்குள் போகாமல் தாளிலேயே நின்றுவிடும் என்பதால் கறுப்புப் பொலித்தீன் அவ்வளவு உதவாது. பக்டீரியா வாடலை இது முழுதாக ஒழிக்காது. வட்டப்புழுவையும் களை விதைகளையும் நன்றாகக் குறைக்கும். முதல் கேள்விக்குச் சொன்னதற்கு இது முரணாகத் தெரியலாம். மருந்து நோயுள்ள பாத்திக்கு மட்டும். தாளை எடுத்ததும் அந்தப் பாத்தியையும் குழையால் மூடுங்கள். நோய்ப் பாத்தியில் பயன்படுத்திய மண்வெட்டியை அங்கேயே கழுவுங்கள்.

கேள்வி: கடைசிக் காய்களில் விதை எடுக்கலாமா? – வாசகி, விசுவமடு

பதில்: எடுக்கலாம், ஆனால் கடைசியாக மிஞ்சிய காயில் அல்ல, நல்ல செடியில் முன்கூட்டியே ஒதுக்கிய காயில். கத்தரி மஞ்சளாகும் வரை, வெண்டியும் பயற்றையும் செடியிலேயே காயும் வரை நிற்க வேண்டும். தக்காளி விதையை அதன் சாற்றோடு ஓரிரு நாள் புளிக்கவிட்டுக் கழுவினால் வழவழப்பு நீங்கும். கலப்பின விதையில் வளர்ந்த செடியின் விதை தாய்போல வராது. பக்கத்து வீட்டில் வேறு இனப் பூசணி இருந்தால் உங்கள் பூசணி விதையையும் நம்ப முடியாது.

எல்லாவற்றையும் நிழலில் உலர்த்துங்கள். பயற்றை விதையைப் பல்லால் கடித்தால் உடைய வேண்டும், நசியக் கூடாது. சலித்த விறகுச் சாம்பலில் புரட்டி, காய்ந்த போத்தலில் வாய்வரை நிரப்பி, மூடியை இறுக்கி, அடுப்புக்குத் தூரமான இடத்தில் வையுங்கள். இனத்தின் பெயரையும் ஆண்டையும் ஒட்டிவிட்டால், ஐப்பசியில் எது எதுவெனத் தடுமாற வேண்டியதில்லை.

கேள்வி: பந்தல் கம்புகளையும் தண்ணீர்க் குழாயையும் அப்படியே விடலாமா? – வாசகர், மாங்குளம்

பதில்: கம்புகளைக் கறையானும் குழாயை வெயிலும் தின்னும். இரண்டையும் கழற்றி, கம்புகளின் அடியிலுள்ள மண்ணைத் தட்டிவிட்டு, கொட்டிலின் கூரைக்குள் நிலத்தில் முட்டாமல் தூக்கி வையுங்கள். குழாயை வடித்து, வளையமாகச் சுருட்டி, வாய்களைத் துணியால் அடையுங்கள். இல்லாவிட்டால் குளவி கூடு கட்டிவிடும்.