சவரக்கத்திக்கு இயற்கைச் சாணைக்கல்: வாசகர் கேள்வி-பதில்

பழைய சவரப் பெட்டியோடு, எண்ணெய் ஏறிக் கறுத்த கல் ஒன்றும் வந்தது. என்ன கல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் அழுக்கை எடுங்கள். அந்தக் கறுப்பு கல்லின் நிறமா, பழைய எண்ணெயா என்பது அப்போதுதான் தெரியும். வெதுவெதுப்பான சோப்பு நீர் விட்டுப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். நீரில் எண்ணெய்த் திட்டு மிதப்பது நிற்கும்வரை. கொதிநீர் வேண்டாம். அடியில் வேறு கல் ஒட்டியிருந்தால் பசை விட்டுவிடும்.

பிறகு பக்கவாட்டில், கண்ணில் படாத மூலையில் இரும்பு ஆணியால் ஒரு கோடு இழுங்கள். வெளிறிய கீறல் விழுந்தால் சிலேட் இனமாக இருக்கலாம். கீறல் விழாமல், ஆணி தேய்ந்து சாம்பல் நிறக் கோடு மட்டும் பதிந்தால் அது அமெரிக்காவின் ஆர்கன்சா கல்லாக இருக்க வாய்ப்பு அதிகம். நொவாக்யுலைட் எனப்படும் அந்தப் பாறை ஏறக்குறைய முழுக்க நுண்படிகக் குவார்ட்ஸ். கனிமங்களின் கடினத்தை ஒப்பிடும் மோஸ் அளவில் அது 7. செயற்கைக் கல்லையும் ஆணி கீறாது. ஆனால் லென்ஸில் பார்த்தால் அதில் ஒரே சீரான பருக்கைகள் தெரியும், சொட்டு நீரை உறிஞ்சியும் விடும்.

ஆர்கன்சா என்று தோன்றினால் அடுத்து அடர்த்தி. சமையலறைத் தராசு போதும். உலர்ந்த கல்லை நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். தராசில் நீர்ப் பாத்திரம் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கி, நூலில் கட்டிய கல்லை அடியிலும் சுவரிலும் தொடாமல் நீருக்குள் தொங்கவிடுங்கள். முதல் எண்ணை இந்த எண்ணால் வகுக்க வேண்டும். உலர் எடை 412 கிராம், நீரில் காட்டியது 160 என்றால் ஏறக்குறைய 2.58. இறுகிய கல், கடைசித் தீட்டலுக்கு ஏற்றது. 2.3க்குக் கீழே போனால் நுண்துளை நிறைந்த மென்வகை, சவரக்கத்திக்கு முரடு. இருட்டறையில் விளிம்பில் டார்ச் அடித்து ஒளி ஊடுருவினால் ‘டிரான்ஸ்லூசென்ட்’ வகை. ஒளி விடாத கறுப்பு வகையும் அதற்குச் சளைத்ததல்ல.

மஞ்சள் பெல்ஜியக் கல்லை நீர் விட்டுச் சிறு கல்லால் தேய்த்து, சேறு எழுப்பித் தீட்டுகிறேன். கை முடியை வெட்டுகிறது, முகத்தில் இழுக்கிறது. ஏன்?

சேறு இருக்கும்போதே நிறுத்திவிடுகிறீர்கள். பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில், வியெல்சாம் வட்டாரத்தில் எடுக்கப்படும் இந்தக் கோட்டிக்யூல் கல்லில் வெட்டுவது கார்னெட் படிகங்கள். பல முகங்கொண்ட, உருண்டைக்கு நெருங்கிய வடிவம் என்பதால் அவை எஃகை ஆழமாகக் கீறுவதில்லை. சேற்றில் அவிழ்ந்து மிதக்கும்போது வேகமாக வெட்டும். அதே படிகங்கள் கத்தியின் வாயில் நேராக மோதி மழுங்கவும் வைக்கும். ஒரு கட்டத்தில் கூராவதும் மழுங்குவதும் சமமாகிவிடும். அதற்குமேல் எத்தனை முறை இழுத்தாலும் பயனில்லை.

வழி, சேற்றைப் படிப்படியாகக் கரைப்பது. பால் பதத்தில் தொடங்குங்கள். கத்தியின் முதுகும் வாயும் எப்போதும் கல்லைத் தொட்டபடி இருக்கட்டும். வாய் முழு நீளத்துக்கும் கை முடியை வெட்டும்வரை இந்தப் பதத்திலேயே இருங்கள். இங்கே அவசரப்பட்டால் பிறகு எதுவும் சரிசெய்யாது. அதன்பின் விரல் நுனியால் இரண்டு சொட்டு நீர், 20 இழுப்பு. மறுபடி இரண்டு சொட்டு, 20 இழுப்பு. பத்துப் பன்னிரண்டு தடவையில் சேறு வெறும் நீராகிவிட வேண்டும். மூன்றே தடவையில் நீராக்கிவிட்டால் காரியம் கெட்டது. வெறும் நீரில் இந்தக் கல் மிக மெதுவாக வெட்டும், விட்டுப்போன வேலையை அதனால் முடிக்க முடியாது. கடைசியில் கல்லையும் கத்தியையும் கழுவி, கத்தியின் எடை மட்டும் பதிய 50 இழுப்பு. வாய்க்கு முன்னால் தள்ளப்படும் நீர் அப்படியே கத்தியின் மேல் ஏறி வழிந்தால் தீட்டல் சரியாக இருக்கிறது. பிறகு தோல்வாரில் 60 இழுப்பு.

இயற்கைக் கல்லுக்கு இத்தனை ஆயிரம் ‘கிரிட்’ (பருக்கையின் நுண்மையைச் சொல்லும் எண்) என்று விற்கிறார்களே?

நம்ப வேண்டாம். அந்த எண் சலித்துத் தரம் பிரித்த செயற்கைப் பருக்கைகளுக்குரியது. ஒரே இயற்கைக் கல், சேற்றோடு ஒரு மாதிரியும் வெறும் நீரில் வேறு மாதிரியும் வெட்டும்.

பச்சை சாயல் கொண்ட சிலேட் கல். ஜெர்மனியின் துரிங்கியக் கல்தானா?

நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. துரிங்கியக் கல் மஞ்சள்பச்சை முதல் கருநீலம் வரை வரும். பச்சை சிலேட் பல நாடுகளில் உண்டு. சிறு கல்லால் தேய்த்துச் சேற்றைப் பாருங்கள். துரிங்கியக் கல் மென்மையானது, சேறு சுலபமாக எழும், வெளிறித்தான் இருக்கும். கரிய சேறு என்றால் சந்தேகப்படுங்கள். முனையில் துரிங்கியக் கல்லை விற்ற பழைய நிறுவனமான ‘எஷர்’ லேபிள் இருந்தால் விலைதான் ஏறும், லேபிளைப் புதிதாக ஒட்டவும் முடியும்.

கல்லை எப்படித் தட்டையாக்குவது?

பென்சிலால் கட்டம் போட்டு, கண்ணாடிப் பலகையில் ஈர உப்புத்தாளை விரித்துத் தேயுங்கள். கோடுகள் எல்லாம் ஒருசேர மறைய வேண்டும். 220, 400, 600 என்று ஏறினால் சிலேட்டுக்கும் கோட்டிக்யூலுக்கும் போதும். ஆர்கன்சாவுக்கு இது பத்தாது. சிலிக்கான் கார்பைடு தூளை நீரோடு கண்ணாடியில் கொட்டித் தேய்க்க வேண்டும். வைரத் தகட்டில் தேய்த்தால் தகடுதான் முதலில் தேயும். மேல் விளிம்புகளை 45 பாகையில் லேசாக மழுக்கிவிடுங்கள். கூரான கல்விளிம்பு, சவரக்கத்தியின் வாயில் பல் விழச் செய்யும். உலர்ந்த நிலையில் தேய்க்கவே கூடாது. சிலிக்கா தூசி நுரையீரலில் தங்கிவிடும்.

ஜப்பானியக் கல் பக்கவாட்டில் அடுக்கடுக்காக வெடிக்கிறது.

அது படிவுப் பாறை. அடுக்குகளுக்கிடையே நீர் புகுந்துவிட்டது. ஊறவைக்காதீர்கள், மேலே தெளித்தால் போதும். நிழலில் நன்றாக உலர்த்தி, நான்கு பக்கமும் அரக்கு வார்னிஷ் மூன்று பூச்சு கொடுங்கள். தீட்டும் முகத்தில் படக்கூடாது.