டிகின்டரில் நீங்கள் எதிர்பார்க்கும் மேம்பாடுகள் எவை?

பைத்தான் நிரல்மொழியோடு வரும், சாளரங்களும் பொத்தான்களும் அமைக்கும் நூலகமான டிகின்டரைப் பற்றி இப்படிக் கேட்டால், பெரும்பாலோர் முதலில் சொல்வது அதன் பழைய காலத்துத் தோற்றத்தைத்தான். எனக்கு அதில் வருத்தமில்லை. காசிமேட்டில் ஈரக் கையோடு விசைப்பலகையைத் தட்டுகிறவருக்குப் பொத்தானின் மூலை வளைந்திருந்தால் என்ன, கூராக இருந்தால் என்ன? லினக்ஸில் தமிழை ஒழுங்காகக் காட்ட வேண்டும். நான் கேட்பது அதைத்தான்.

என் மாமா அங்கே மீன் ஏலக் கணக்கு எழுதுகிறார். 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வேலை குறைவு என்பதால், அவருடைய பழைய லினக்ஸ் கணினிக்கு ஒரு கணக்கு நிரல் எழுதிக் கொடுத்தேன். வஞ்சிரம், சங்கரா எல்லாம் சரியாக வந்தன. நெத்திலி வந்ததும் மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "என்னப்பா, நெத்திலிக்குக் கொம்பு இடம் மாறி முளைத்திருக்கிறது?"

'ந'வுக்கு முன்னால் நிற்க வேண்டிய ஒற்றைக் கொம்பு, அதைத் தாண்டிப் போய் 'த்'தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கெளுத்தி இன்னும் மோசம். கொம்பும் தவறிப்போய், 'ளு'வும் உடைந்து 'ள' தனி, அதன் சுழி தனி என்று கிடந்தது.

எழுத்துருவை மாற்றிப் பயனில்லை. யூனிகோடில் 'நெ' என்பது முதலில் 'ந', பிறகு கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் கொம்பை முன்னால் கொண்டுவருவது ஹார்ஃப்பஸ் போன்ற எழுத்துக்கோப்பு நிரலின் வேலை. விண்டோஸிலும் மேக்கிலும் அதை இயங்குதளமே பார்த்துக்கொள்கிறது. டிகின்டருக்கு அடியில் இருக்கும் டிகே, அதன் 8.6 பதிப்பில், லினக்ஸில் எக்ஸ்எஃப்டி என்ற எழுத்து வரையும் நூலகம் வழியாக ஒவ்வொரு குறியையும் வந்த வரிசையிலேயே வரைந்துவிடுகிறது. 8.6 வெளிவந்தது 2012இல். இதே வேலையைச் செய்யும் க்யூட்டி, ஜிடிகே நூலகங்கள் இரண்டிலும் இந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது இடஞ்சுட்டி. இது விண்டோஸிலும் உண்டு. 'கொ'வைத் தாண்ட அம்பு விசையை இரண்டு முறை அழுத்த வேண்டும். நடுவில் நின்றபடி ஒன்றைத் தட்டினால் 'க'வுக்கும் அதன் உயிர்க்குறிக்கும் இடையில் புகுந்துகொள்ளும்.

மற்றவை எல்லோரும் அறிந்தவைதாம். உருளும் சட்டம் தனியாகக் கிடையாது, கேன்வாஸ் என்ற வரைபரப்புக்குள் சட்டத்தை வைத்துச் சமாளிக்க வேண்டும். தேதி தேர்வுக்கு வெளி நூலகம். ட்ரீவியூ அட்டவணையில் ஒரு கட்டத்தைத் திருத்த, அதன்மேல் உள்ளீட்டுப் பெட்டியை நாமே சரியாகப் பொருத்த வேண்டும். எடையைத் திருத்துவதற்காக இந்த ஒட்டு வேலையில் இரண்டு இரவு போயிற்று.

மீன் பெயர்களுக்கு ஒரு குறுக்குவழி பிடித்தேன். படங்களைக் கையாளும் பில்லோ நூலகத்தை, எழுத்துக்கோப்புக்கான ராக்மோடு சேர்த்து ஒவ்வொரு பெயரையும் படமாக வரைந்து அட்டவணையில் வைத்துவிட்டேன். ட்ரீவியூ முதல் பத்தியில்தான் படத்தை ஏற்கும் என்பதால், தேதிக்கு ஒதுக்கிய இடத்தை நெத்திலி எடுத்துக்கொண்டது. உள்ளீட்டுப் பெட்டிக்கு மட்டும் வழி கிடைக்கவில்லை. தட்டும்போது கொம்பு பின்னால்தான் நிற்கிறது, என்டர் அழுத்திய பிறகே பெயர் ஒழுங்காகத் தெரிகிறது. கணக்கெழுதும் பையன் இப்போது பின்கொம்புத் தமிழையும் தடையில்லாமல் வாசிக்கிறான்.