உங்கள் வாழ்நாளில் பார்த்த குத்துச்சண்டை வீரர்களில் மிகச் சிறந்தவர் யார்?

கேள்வியில் "வாழ்நாளில் பார்த்த" என்று இருப்பதால் முகமது அலிக்கு இங்கே இடமில்லை. ஜோ ஃபிரேசியர், சுகர் ரே ராபின்சன் எல்லாரும் எனக்கு யூடியூபில் அறிமுகமானவர்கள். யார் ஜெயித்தார் என்று தெரிந்துகொண்டு பார்த்த சண்டையை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. முடிவு தெரியாமல், வயிற்றைப் பிசைய உட்கார்ந்து பார்த்தவர்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அலியை நேரில் பார்த்தவர் என் பெரியப்பா. 1980-ல் அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிசுடன் காட்சிப் போட்டி ஆடினார். அந்தக் கூட்டத்தில் இவரும் நின்றிருக்கிறார். இளவயதில் ராயபுரம் பக்கம் கொஞ்ச காலம் பாக்ஸிங் பழகியவர். மூக்கு லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அந்தக் காலத்துக்கு வேறு சாட்சி கிடையாது. எங்கள் வீட்டுக்குக் கேபிள் வந்த பிறகு, அமெரிக்காவில் சனிக்கிழமை ராத்திரி நடக்கிற சண்டை நமக்கு ஞாயிறு காலை என்பதால், இட்லித் தட்டோடு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். நான் "என்னா அடி!" என்று துள்ளும்போதெல்லாம் ஒரே பதில்தான். "கையப் பாக்காதடா. எல்லாரும் கையத்தான் பாப்பான். கால் எங்க இருக்குன்னு பாரு."

அன்றிலிருந்து எனக்கும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. கீழே நான் சொல்வதெல்லாம் கால் பார்க்கிறவனின் தீர்ப்பு. நாக்அவுட் எண்ணிக்கை வைத்துக் கணக்குப் போடுகிறவர்களுக்கு ஒத்துவராது.

டைசனை முதலில் சொல்லாவிட்டால் சண்டைக்கு வருவீர்கள். 1986-ல் 20 வயதில் டிரெவர் பெர்பிக்கை இரண்டாவது ரவுண்டில் சாய்த்து ஹெவிவெயிட் பட்டம். 1988-ல் மைக்கேல் ஸ்பிங்ஸை முடிக்க 91 நொடி. அப்போது எனக்கு ஐந்து வயது. என் பள்ளி நோட்டு அட்டையில் ஒட்டியிருந்த டைசன் அந்த டைசன். நான் நேரலையில் பார்த்த டைசன் வேறு ஆள். சிறையிலிருந்து வெளியே வந்தவர், 1996 நவம்பரில் இவாண்டர் ஹோலிஃபீல்டிடம் 11-வது ரவுண்டில் தோற்றார். அடுத்த ஜூன் மாதம் ஹோலிஃபீல்டின் காதைக் கடித்து, மூன்றாவது ரவுண்டோடு தகுதி நீக்கம். பழைய சண்டைகளைப் பின்னால் பார்த்தபோதுதான் எது காணாமல் போயிருந்தது என்று புரிந்தது. பயிற்சியாளர் கஸ் டமாட்டோ வளர்த்த பையன் தலையை ஆட்டிக்கொண்டே பக்கவாட்டில் ஓர் அடி நகர்ந்து, எதிராளிக்கு அவன் எங்கே என்று தெரியாத இடத்திலிருந்து ஹூக், அதாவது பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து, விடுவான். 96-ல் பார்த்தவர் நேர்கோட்டில் வந்து ஒவ்வோர் அடியாகத் தேடினார். ஹோலிஃபீல்ட் அவரைத் தோளால் தள்ளியே பின்னால் நடக்க வைத்தார். பின்னால் நடக்கிற டைசன் சாதாரண ஆள். காது கடித்த அன்று பெரியப்பா இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். ஆக, டைசன் என் பட்டியலில் இல்லை. ஹோலிஃபீல்ட் வேண்டுமானால் இருக்கலாம்.

பார்த்ததிலேயே திறமை அதிகம் யாருக்கு என்று கேட்டால் யோசிக்காமல் ராய் ஜோன்ஸ் ஜூனியர் என்பேன். திறமை வேறு, மிகச் சிறந்தவர் என்பது வேறு. அதற்கு அப்புறம் வருகிறேன். 2002-ல் கிளென் கெல்லி என்பவரோடு ஆடும்போது இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கெல்லி சரி, வாய்ப்பு கிடைத்தது என்று கை நீட்டியதும் பின்னாலிருந்து வலது கை பறந்து வந்தது. ஆட்டம் முடிந்தது. வாத்தியார்கள் செய்யாதே என்று சொல்லிக்கொடுக்கும் எல்லாவற்றையும் செய்வார். கை இடுப்புக்குக் கீழே தொங்கும், முன்கையால் நேராக நீட்டும் ஜேப் போடாமலே ஹூக்கோடு பாய்வார், அடி வந்தால் இடுப்பிலிருந்து பின்னால் வளைவார். 2003 மார்ச்சில் ஜான் ரூயிஸை வென்று ஹெவிவெயிட் பட்டம் வாங்கினார். மிடில்வெயிட் பட்டத்தில் தொடங்கிய ஒருவர் ஹெவிவெயிட் வரை போனது அதற்கு முன் 1897-ல் பாப் ஃபிட்சிம்மன்ஸ்தான்.

அதற்காக ஏற்றிய எடையை இறக்கிவிட்டுப் பழைய பிரிவுக்குத் திரும்பினார். அங்கேதான் வினை. 2004 மே மாதம் அன்டோனியோ டார்வரோடு இரண்டாவது மோதல். நடுவர் வழக்கமான அறிவுரை சொல்லி, ஏதாவது கேள்வி இருக்கிறதா என்றதும் டார்வர், "இன்னிக்கு ஏதாவது சாக்கு வச்சிருக்கியா, ராய்?" என்று கேட்டார். இரண்டாவது ரவுண்டில் ஓர் இடது கை. ராய் ஜோன்ஸ் மல்லாந்து கிடந்ததை நம்ப முடியாமல் நான் டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவருடைய தற்காப்பு முழுக்க வேகத்தில் இருந்தது. 35 வயதில் வேகம் கொஞ்சம் குறைந்தது. காலை எங்கே வைத்துத் தப்பிப்பது என்ற பாடம் அவருக்குத் தேவைப்பட்டதே இல்லை என்பதால் அப்போது கைகொடுக்க எதுவும் இல்லை.

அவரைப் பற்றி இன்னொன்று சொல்லியாக வேண்டும். 1988 சியோல் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் அவர் 86 குத்துகள் விட்டார், தென்கொரியாவின் பார்க் சி-ஹுன் 32. தீர்ப்பு 3-2 பார்க்குக்கு. ஜோன்ஸுக்கு வெள்ளி, தொடரின் சிறந்த வீரர் கோப்பையும் அவருக்கே கொடுத்தார்கள், என்ன கூத்தோ. 2023-ல் பார்க் அமெரிக்காவில் ஜோன்ஸின் ஊரான பென்சகோலாவுக்கே போய் அந்தத் தங்கப் பதக்கத்தை அவர் கையில் கொடுத்தார். 2025-ல் வெளியான காணொளியில் ஜோன்ஸ் கண் கலங்குகிறார். பார்க் மீது எனக்கு முப்பது வருடக் கோபம் இருந்தது. பாவம், தீர்ப்பு எழுதியவர் அவர் இல்லையே.

சரி, என் பதில்: மேனி பாக்கியாவ்.

பிலிப்பைன்ஸ்காரர். 1995-ல் 16 வயதில் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தபோது 48 கிலோ. முதல் உலகப் பட்டம் 1998-ல், 51 கிலோ பிரிவில். அங்கிருந்து படிப்படியாக ஏறி எட்டு எடைப் பிரிவுகளில் உலகப் பட்டம். வேறு யாரும் இதைச் செய்ததில்லை. எண்ணிக்கையைத் தள்ளுங்கள். பாக்ஸிங்கில் மூன்று கிலோ வித்தியாசம் என்றாலே வேறு உலகம். அதனால்தான் பிரிவு பிரிவாக வைத்திருக்கிறார்கள்.

2010 நவம்பர், டெக்சாஸில் அன்டோனியோ மார்கரிட்டோவோடு ஆடிய ஆட்டத்தைச் சொல்கிறேன். மார்கரிட்டோ யார் என்றால், 2009-ல் ஷேன் மோஸ்லியோடு மோதுவதற்கு முன், கையில் சுற்றிய துணிக்குள் சாந்து மாதிரி இறுகும் பொருளோடு பிடிபட்டு உரிமம் போனவர். மோஸ்லியின் பயிற்சியாளர் நஸீம் ரிச்சர்ட்சன் தடவிப் பார்த்துக் கண்டுபிடித்தார். அப்பேர்ப்பட்டவர், பாக்கியாவைவிடக் கிட்டத்தட்ட அரை அடி உயரம். ஆட்ட ராத்திரி மார்கரிட்டோ 165 பவுண்டு, பாக்கியாவ் 148. ஏறக்குறைய எட்டு கிலோ வித்தியாசம். பக்கத்தில் நிற்கும்போது அப்பாவும் பிள்ளையும் மாதிரி இருந்தது.

பாக்கியாவ் இடக்கை ஆட்டக்காரர், வலது கால் முன்னால் இருக்கும். எதிராளிக்கு இடது கால் முன்னால். இரண்டு முன்கால்களும் ஒன்றை ஒன்று உரசுகிற மாதிரி வரும். யாருடைய கால் வெளிப்பக்கம் இருக்கிறதோ, அவருக்கு எதிராளியின் நெஞ்சு திறந்து கிடக்கும். மார்கரிட்டோ ஒரு தடவை காலைத் தூக்கி வைப்பதற்குள் பாக்கியாவ் உள்ளே போய் மூன்று நான்கு குத்து விட்டு, நுழைந்த வழியில் வெளியே வராமல் பக்கவாட்டில் வந்து நிற்பார். பெரியவர் திரும்பித் தேடுவார், அங்கேயும் குத்து. ஆறாவது ரவுண்டில் விலாவில் ஒன்று வாங்கி பாக்கியாவ் மடங்கினார், எனக்கு மூச்சே நின்றது. ஆனால் 11-வது ரவுண்டில் மார்கரிட்டோவின் கண் வீங்கி மூடிப்போயிருந்தது. பாக்கியாவ் அடிப்பதை நிறுத்தி நடுவரைப் பார்த்தார், போதும், நிறுத்துங்கள் என்கிற மாதிரி. நடுவர் நிறுத்தவில்லை. கடைசி ரவுண்டில் பாக்கியாவ் அடிக்காமல் ஒப்பேற்றினார். கண்குழி எலும்பு உடைந்து மார்கரிட்டோவுக்கு அறுவை சிகிச்சை நடந்தது.

பாக்கியாவ் தோற்றதையும் பார்த்திருக்கிறேன். ஹுவான் மானுவேல் மார்க்கேஸ் என்ற மெக்சிகோகாரரோடு நான்கு தடவை ஆடினார். 2004-ல் முதல் ரவுண்டிலேயே மூன்று முறை மார்க்கேஸை விழவைத்தும் ஆட்டம் சமன். அடுத்த இரண்டும் மயிரிழையில் பாக்கியாவுக்கு. மூன்றாவதில் மார்க்கேஸ்தான் ஜெயித்தார் என்று நான் இன்றும் சொல்வேன். 2012 டிசம்பரில் நான்காவது. ஆறாவது ரவுண்டு முடிய ஒரு நொடி. அவ்வளவு நாள் பக்கவாட்டில் வெளியேறியவர், அந்த ஒரு தடவை நேராகப் பாய்ந்தார். மார்க்கேஸின் வலது கை எட்டு வருடமாக அதற்குத்தான் காத்திருந்தது போலிருக்கிறது. பாக்கியாவ் முகங்குப்புற விழுந்து அசையவில்லை. எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை. செத்துட்டானோ என்று அம்மா சமையலறையிலிருந்து வந்து கேட்டார்.

அந்த விழுகைக்குப் பிறகு திரும்பி வந்து, 2019-ல் 40 வயதில், அதுவரை தோற்றிராத கீத் தர்மனை முதல் ரவுண்டிலேயே தரையில் உட்காரவைத்துப் பட்டம் வாங்கினார் பாருங்கள், அன்றைக்குத்தான் என் மனசில் இந்தக் கேள்விக்குப் பதில் முடிவானது.

"அப்போ மேவெதர்?" என்பீர்கள். 50 ஆட்டம், 50 வெற்றி. 2015 மே மாதம் அவர் பாக்கியாவை ஜெயித்தது நியாயமான தீர்ப்பு. நானே காகிதத்தில் மார்க் போட்டுக்கொண்டு பார்த்தேன், என் கணக்கிலும் மேவெதர்தான். ஐந்து வருடம் முன்னால் நடந்திருக்க வேண்டிய ஆட்டம் என்ற மனக்குறை உண்டு, அதற்காக மார்க்கை மாற்ற முடியுமா? கால் வேலையில் அவர் பேராசிரியர். 2007-ல் ரிக்கி ஹாட்டன் தலையைக் குனிந்து ஓடிவந்தபோது, முன்காலை ஊன்றிச் சுழன்றுகொண்டே இடது ஹூக் ஒன்று வைத்தார். ஹாட்டன் போய் மூலைக் கம்பத்தில் தலையை மோதினார். அழகுதான். ஆனால் மேவெதர் ஆட்டம் பார்க்கும்போது எனக்கு வயிறு பிசைந்ததே இல்லை. ஒருவேளை அதுதான் அவருடைய பெருமையாகவும் இருக்கலாம்.

மேரி கோமையும் சேர்க்கிறேன், இந்தியர் என்பதற்காக அல்ல. ஆறு உலகப் பட்டம். பெண்கள் குத்துச்சண்டை ஒலிம்பிக்கில் முதன்முதலாக வந்தது 2012 லண்டனில். அதில் அவருடைய 48 கிலோ பிரிவே இல்லை. 51-க்கு ஏறி, தன்னைவிடப் பெரியவர்களோடு ஆடி, நிக்கோலா ஆடம்ஸிடம் அரையிறுதியில் தோற்று வெண்கலம். அப்போதே இரட்டைக் குழந்தைகளுக்குத் தாய். ஆறாவது பட்டம் 2018-ல் டெல்லியில். பாக்கியாவ் போல இவரும் இடக்கை.

இப்போது ஆடுகிறவர்களில் உக்ரைனின் உசிக். 2024 மே மாதம் ரியாத்தில், 206 சென்டிமீட்டர் உயர டைசன் ஃபியூரியை ஒன்பதாவது ரவுண்டில் கயிற்றுக்குக் கயிறு தள்ளாட வைத்ததை நமக்கு விடியற்காலையில் எழுந்து பார்த்தேன். 2025-ல் ஓய்வு பெற்ற கிராஃபோர்டும் பெரிய ஆள், 2023-ல் ஸ்பென்ஸை அவர் பிரித்து மேய்ந்தது மறக்காது. லொமசென்கோவை ஒரு காலத்தில் தலையில் வைத்து ஆடினேன், பிறகு ஆறிவிட்டது.

ஆனால் மனசு இப்போது ஜப்பானின் நவோயா இனோவேயிடம். 2019-ல் டொனேரின் ஹூக்கில் கண்குழி எலும்பு உடைந்து, எதிரே இரண்டு டொனேர் தெரிய, வலது கண்ணைக் கிளவுஸால் மறைத்துக்கொண்டு ஆடி ஜெயித்தவர். 2024 மே மாதம் டோக்கியோ டோமில் லூயிஸ் நெரி. 1990-ல் பஸ்டர் டக்ளஸ் டைசனைச் சாய்த்த அதே டோம். அதற்குப் பிறகு அங்கே நடந்த முதல் பாக்ஸிங் இதுதான். முதல் ரவுண்டில் நெரியின் இடது ஹூக்கில் இனோவே விழுந்தார், வாழ்க்கையில் முதல் முறையாக. மற்றவர்கள் மானம் போகிறதே என்று உடனே துள்ளி எழுவார்கள். இவர் ஒரு முழங்காலை ஊன்றி, நடுவர் எட்டு எண்ணும்வரை அப்படியே இருந்தார். ஆறாவது ரவுண்டில் நெரி முடிந்தார்.

பெரியப்பாவுக்கு இப்போது கண்புரை அறுவை முடிந்து பார்வை பரவாயில்லை. போனில் இந்தச் சண்டையைப் போட்டுக் காட்டினேன். நாக்அவுட் வந்தபோது ஒன்றும் சொல்லவில்லை. "அந்த முட்டி போட்டு உக்காந்தானே, அத திரும்பப் போடு" என்றார். மூன்று தடவை போட்டேன்.