பாதி கட்டினால் பழைய கடன் தீருமா?

கேள்வி: 2015-இல் ஒரு தனியார் வங்கியில் 3 லட்சம் ரூபாய் பர்சனல் லோன் வாங்கினேன். வேலை போனதால் 2017-க்குப் பிறகு தவணை கட்டவில்லை. இப்போது வீட்டுக் கடன் கேட்டால் ‘சிபில் சரியில்லை’ என்று மறுக்கிறார்கள். வசூல் ஏஜென்ட் ஒருவர், ‘பாதி கட்டுங்கள், செட்டில்மென்ட் முடித்துத் தருகிறேன், முதலில் இன்றே 10,000 அனுப்புங்கள்’ என்கிறார். நண்பரோ, ‘மூன்று வருடம் தாண்டிவிட்டது, ஒரு பைசா கட்டாதே’ என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: இருவர் பேச்சையும் கேட்க வேண்டாம். ஏஜென்டுக்குக் கமிஷன் கவலை. நண்பருக்கு எந்தக் கவலையும் இல்லை. வீட்டுக் கடன் வேண்டியது உங்களுக்குத்தான்.

நண்பர் சொன்னது பாதிச் சட்டம். 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி, பாக்கிக்காக வழக்குப் போட வங்கிக்குப் பொதுவாக மூன்றாண்டுதான் அவகாசம். அது முடிந்தால் வழக்குப் போடும் வழிதான் அடைபடும், கடன் அழிந்துவிடாது. அது கிரெடிட் அறிக்கையில் (சிபில் போன்ற நிறுவனங்கள் தொகுக்கும் உங்கள் கடன் வரலாற்றில்) நிற்பதைத்தான் நீங்களே பார்த்துவிட்டீர்களே! அந்த மூன்றாண்டுக்குள் வங்கி வழக்குப் போட்டிருந்தால் கதையே வேறு. வாடகை வீடு மாறியிருப்பீர்கள். சம்மன் பழைய முகவரிக்குப் போயிருக்கும். நீங்கள் வராமலேயே தீர்ப்பு ஆகியிருக்கும். அந்தத் தீர்ப்பை நிறைவேற்ற 12 ஆண்டு அவகாசம் உண்டு. முதல் வேலையாக, நீதிமன்ற வழக்கு விவரங்களைத் தரும் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் உங்கள் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள்.

இனி ஏஜென்டின் 10,000. எழுத்தில் ஒன்றும் வராமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். அந்தப் பணம் வட்டிக் கணக்கில் கரைந்துபோகும். அடுத்த மாதம் வேறொரு ஏஜென்ட் முதலிலிருந்து ஆரம்பிப்பார். வங்கிக்கு எழுதும் கடிதத்திலும் கவனம் தேவை. ‘கடனைக் கட்டிவிடுகிறேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், காலாவதியான கடனுக்கும் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு புது உயிர் கொடுத்துவிடும். ‘முழுத் தீர்வாக ஏற்பதாக எழுத்தில் தெரிவித்தால் இவ்வளவு தரத் தயார்’ என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். அனுப்புவதற்கு முன் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுவது நல்லது.

நீங்கள் கேட்க மறந்த கேள்விதான் முக்கியம்: இந்தப் பணத்தைக் கொடுத்து எதை வாங்கப் போகிறீர்கள்? தொல்லை ஒழிந்தால் போதும் என்றால் பாதி கட்டி முடிக்கலாம். ஆனால் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்று விழும். குறைத்துக் கட்டியவர் என்று அதற்குப் பொருள். வீட்டுக் கடன் தரும் அதிகாரி அதைப் பார்த்ததும் ஃபைலை மூடி வைக்கத்தான் அதிக வாய்ப்பு. 2023 ஜூனில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிப்படி, இப்படிச் சமரசம் செய்துகொண்டவருக்கு அதே வங்கி மறுபடி கடன் தர, விவசாயக் கடன் நீங்கலாக, குறைந்தது 12 மாதம் காத்திருக்க வேண்டும். வீடுதான் குறி என்றால் தள்ளுபடியைப் பெரிதாகக் கேட்காதீர்கள். கணக்கு விவரத்தை வாங்கி அசல், வட்டி, அபராதம் மூன்றையும் பிரித்துப் பாருங்கள். அபராதத்தையும் வட்டியையும் குறைக்கச் சொல்லி, அசலை முழுதாகத் தருவதாகப் பேசுங்கள். ‘க்ளோஸ்டு’ (கட்டி முடிக்கப்பட்ட கணக்கு) என்று பதிவார்களா என்பதைப் பணம் கட்டும் முன்பே எழுத்தில் கேளுங்கள். மாட்டோம் என்றால், தள்ளுபடியான தொகையைப் பின்னர் கட்டி மாற்றிக்கொள்ள வழி உண்டா என்றும் கேட்டு வையுங்கள். ஒரே தவணையில் தருகிறேன் என்பவருக்குத்தான் வங்கி இறங்கி வரும்.

கிளை மேலாளர் தலையாட்டிவிட்டார் என்று நம்பிவிடாதீர்கள். கடனுக்கு அனுமதி கொடுத்தவரைவிட ஒரு படியாவது மேலே உள்ளவர்தான் சமரசத்தை ஏற்க வேண்டும் என்று அதே 2023 விதி சொல்கிறது. ஆகவே வங்கியின் லெட்டர்ஹெட்டில் ஒப்புதல் கடிதம் வரட்டும். கடன் கணக்கு எண், தொகை, கடைசித் தேதி, ‘இதற்கு மேல் எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற வரி, எல்லாம் அதில் இருக்க வேண்டும். பணம் கடன் கணக்குக்கே போகட்டும்; ஏஜென்டின் கைபேசி எண்ணுக்கு அல்ல.

ஏஜென்ட் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பிறகோ அழைத்தால், அது 2022 ஆகஸ்டிலேயே ரிசர்வ் வங்கி தடுத்த செயல். வங்கிக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செலவில்லாமல் புகார் செய்யலாம்.

பணம் கட்டியதும் நிலுவையின்மைச் சான்று வாங்குங்கள். அறிக்கையைத் திருத்தச் சொல்லி நீங்கள் புகார் கொடுத்து 30 நாள் தாண்டினால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு கேட்கலாம். கடன் வாங்கியபோது கையெழுத்திட்டுக் கொடுத்த வெற்றுக் காசோலைகள் வங்கியிடம் இருந்தால், அவற்றையும் அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள்.