வண்ணத்துப்பூச்சிக்குத் தீனிச்செடி: கேள்வி பதில்

தாம்பரம்: சார், மாடியில் பூச்செடி நிறைய இருக்கிறது. வண்ணத்துப்பூச்சி வருகிறது, தங்குவதில்லை. ஏன்?

பூ தேனுக்கு மட்டும்தான். முட்டையிடவும், பொரித்த புழு தின்னவும் இலை வேண்டும், அதுவும் இனத்துக்கு இனம் வேறு இலை. எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி இரண்டுக்கும் எலுமிச்சை, கறிவேப்பிலை, வில்வம். வெந்தய வரியனுக்கு எருக்கு. கொன்னை வெள்ளையனுக்குச் சரக்கொன்றை. மாடிக்குக் கறிவேப்பிலைதான் சுலபம். ஐந்தாறு மணி நேர வெயிலில், 12 அங்குலத் தொட்டியில் மூன்று கன்று வையுங்கள். ஒன்று போதாது. புழு தின்பதில் பெரும்பங்கு, அது பச்சையாக மாறும் கடைசிப் பருவத்தில்தான். ஓரடிக் கன்றில் நான்கைந்து ஏறினால் செடி மொட்டை, புழு பட்டினி. அப்போது புழு இருக்கும் இலையைக் காம்போடு வெட்டி அடுத்த கன்றில் வையுங்கள். விரலால் பிடித்து இழுக்காதீர்கள். அசையாமல் இருக்கும் புழு தோலுரிக்கப் போகிறது, அதைத் தொடவே வேண்டாம். புழுக்கள் போனதும் நுனி கிள்ளி, ஒரு பிடி மண்புழு உரம் போடுங்கள். தளிர் வந்தால்தான் தாய் மறுபடி முட்டையிடும்.

நர்சரிக் கன்றா? வேரில் இமிடாகுளோப்ரிட் என்ற பூச்சிக்கொல்லியை ஊற்றியிருந்தால் இலையில் மாதக்கணக்கில்கூட நிற்கும். முட்டை பொரிக்கும், புழு செத்துவிழும். பழுத்த கறிவேப்பிலைப் பழத்தின் கொட்டையை உடனே ஊன்றுங்கள். காயவைத்தால் முளைப்புத்திறன் போய்விடும்.

மதுரை: எருக்கில் மஞ்சள் அசுவினி. வேப்பெண்ணெய் அடிக்கலாமா?

கூடாது. அதிலுள்ள அசாடிராக்டின் புழுவைத் தோலுரிக்க விடாது. முட்டை, புழு இல்லாத கிளையில் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். மற்ற கிளைகளில் அசுவினியை மட்டும் ஈரத்துணியால் துடையுங்கள். எருக்கம்பால் கண்ணில் படக்கூடாது.

கரூர்: கறிவேப்பிலையைப் புழு தின்கிறது. என்ன மருந்து?

மருந்து வேண்டாம். சமையலுக்கு ஒரு செடியைக் கொசுவலையால் மூடுங்கள், மற்றதை விட்டுவிடுங்கள்.

ஈரோடு: எலுமிச்சை இலையில் பறவை எச்சம்போல் புழு. மருந்து?

அதுவும் அழகி வண்ணத்துப்பூச்சியின் இளம்புழுதான். கரூருக்குச் சொன்னதுதான்.

உதகை: உண்ணிச்செடியில்தான் பூச்சி மொய்க்கிறது. அதையே நடலாமே?

நடவே நடாதீர்கள். 1800களின் தொடக்கத்தில் அழகுக்காகக் கொண்டுவந்த செடி, இன்று முதுமலையில் பல இடங்களில் புல் முளைக்கவிடாமல் மூடிக்கிடக்கிறது. தேனுக்கு வெட்சி, தேள்கொடுக்கு, கிலுகிலுப்பை வையுங்கள். பின்னிரண்டையும் தேடி வரியன் வகை வண்ணத்துப்பூச்சிகளின் ஆண்கள் காய்ந்த தண்டிலும் வந்து உறிஞ்சும்.

கூடலூர்: ஐயா, வீட்டில் ஒரே செடி. காட்டுக்கு எப்படிப் போகும்?

கொண்டைக்குருவி பழத்தைத் தின்று, காட்டில் எச்சமிடும். நீங்கள் இருப்பதே காட்டோரம்.

உதகை: காய்க்காத ஒட்டுரகம் நர்சரியில் கிடைக்கிறதே?

காய்க்காவிட்டாலும் அதன் மகரந்தம் காட்டுச்செடியைச் சேரலாம். காய்க்காது என்று விற்பவர் சொல்வதை நம்பி நடவும் முடியாது. இருப்பதையும் பூக்குமுன் வேரோடு பிடுங்குங்கள். மேலே வெட்டினால் அடித்தூரிலிருந்து துளிர்க்கும்.

தஞ்சாவூர்: சிட்டுக்குருவிக்குக் கம்பு விதைக்கலாமா?

பறவை பார்ப்பவர்களிடம் கேளுங்கள்.

விருதுநகர்: ஆடுதின்னாப்பாளை வளர்க்கிறேன். கஷாயமும் வைக்கலாமா?

வேண்டவே வேண்டாம். அதிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் வரும். சிவப்புடல் அழகியின் புழுவுக்கு அந்த நஞ்சே காவல். தரையோடு படரும் சிறுசெடி என்பதால் ஒரே புழு பல செடியை முடித்துவிடும். பத்துக்குக் குறையாமல் வையுங்கள்.

நெல்லை: நாரத்தையில் புழு, என்ன அடிக்கலாம்?

கொசுவலை.